இருவேளை, ஒவ்வொரு தம்ளர்

திங்கட்கிழமை காலை, புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றுகொண்டிருந்த நேரத்தில் பரிசோதனைக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. "எபநேசர் காரு போயாரு சார்" என்றான் அங்கே வேலை பார்க்கும் ஸ்ரீனிவாஸ். ஓய்வு பெற்ற மனிதர், திருநெல்வேலிக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, "எப்போது திரும்பி வருவார்?" என்று கேட்டேன். "நாளைக்கு அடக்கம் சார்" என்றான். தெலுங்கில் 'போயாரு' என்றால் இறந்துவிட்டார் என்றும் அர்த்தம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அடுத்த நோயாளியை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் சொன்னது எதையும் காதில் வாங்காமல் அரை மணி நேரம் வைத்தியம் பார்த்தேன்.

நம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கு எபநேசரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் உடம்பிலிருந்து நாங்கள் வெட்டிக் கொடுக்கும் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டித் தருகிற டெக்னீஷியன் அவர். அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எபநேசர் பிறந்தது, வளர்ந்தது, இப்போது அடங்கியது எல்லாம் மல்காஜ்கிரியில். ஆனாலும் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. நடுநடுவே வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் ஒரு 'நக்கோ' விழும், அவ்வளவுதான்.

புதுச் சாயம் வந்தால் அதை முதலில் நோயாளியின் துணுக்கில் போட்டுப் பார்க்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு துண்டு ஆட்டு ஈரல் வாங்கி வந்து அதில் ஒத்திகை பார்ப்பார். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "பகானேகு யா பட்னேகு?" என்று கேட்பாராம். சமைக்கவா, படிக்கவா என்று. "ரெண்டுக்கும்தான். படிச்சது போக மிச்சம் வீட்டுக்கு" என்பார் எபநேசர். மெழுகுக் கட்டிகளை அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. அலமாரியில் இடமில்லை என்று நாங்கள் கத்தினால், "கட்டிய எறிஞ்சா அந்த ஆளையே எறிஞ்ச மாதிரி சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அவர் எறியாத இரண்டு கட்டிகளைப் பற்றித்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு ஆராய்ச்சி மோகம் இருந்தது. உடல் மிகவும் பருத்து, வேறு எதற்கும் மசியாதவர்களுக்குச் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சாப்பாடு போகாத வழியாக ஒதுக்கிவிட்டு, மீதியைக் குட்டையாக இணைக்கிற ஆபரேஷன். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, எடை இறங்கும். வெளிநாட்டில் செய்துகொண்டிருந்தார்கள். நான் மூன்று பேருக்குச் செய்தேன். முதல் ஆள் மாரெட்பள்ளி விசாலாக்ஷி அம்மாள். கணவர் ராமசந்திரன் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் அதிகாரி. முழங்கால் வலியால் அந்த அம்மாளால் மாடிப்படி ஏற முடியாது, சர்க்கரை வியாதியும் உண்டு. ஆபரேஷன் மேசையிலேயே ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து எபநேசருக்கு அனுப்பினேன். ஆராய்ச்சி என்றால் அதெல்லாம் செய்தாக வேண்டும்.

எடை இறங்கத்தான் செய்தது. மாநாட்டில் வாசிப்பதற்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பிவிட்டு, நடையே மாறிப்போய்த் திரிந்தேன். எட்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மஞ்சள் கண்களோடும் வீங்கிய கால்களோடும் வந்து சேர்ந்தார். மறுபடி ஈரல் துணுக்கு எடுத்தோம். பெத்தாலஜி டாக்டரின் குறிப்பு வந்தது: குடிகாரர்களின் ஈரலை ஒத்திருக்கிறது, நோயாளியை விசாரித்துக்கொள்ளவும்.

விசாரித்தது ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் இருந்தது. எங்கள் பயிற்சி டாக்டர், பழைய நகரத்து உருதுக்காரப் பையன், எழுதி வைத்திருந்தான். மது: உண்டு. தினம் இருவேளை, ஒவ்வொரு தம்ளர். விருந்தாளிகள் வந்தால் கூடும்.

அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கோளாறு என் ஆபரேஷனில் இல்லை, அந்த அம்மாளிடம்தான் என்று ஆகிவிட்டதில் வந்த நிம்மதி. நானும் தமிழன், அவரும் தமிழர். கட்டில் இருபது அடி தூரத்தில் இருந்தது. போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடைவழியில் ராமசந்திரனை நிறுத்தி, ஆங்கிலத்தில், உங்கள் மனைவி குடிக்கிறார் என்று சொன்னேன்.

"எங்காத்துலயா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார் அவர். அப்புறம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. சாப்பாடு பக்கத்து வீட்டுக்காரர் கையில் வந்தது.

மூன்றாம் நாள் எபநேசர் என் அறைக்கு வந்தார். எறியாமல் வைத்திருந்த கட்டியிலிருந்து சீவிய ஒரு சில்லை நுண்ணோக்கியில் வைத்தார், பார்த்தேன். எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார்.

"முதல்ல பாத்தது ஆபரேஷன் அன்னைக்கு நீங்க குடுத்தது சார். வெறும் கொழுப்பு. இது இப்ப எடுத்தது. எங்க பாத்தாலும் நீலம்."

ஈரலில் தழும்பு விழுந்த இடம் அந்தச் சாயத்தில் நீலமாகத் தெரியும். இரண்டாவதில் நீல இழைகள் வலைபோல ஓடின.

"குடி ரொம்ப நாளா இருந்திருந்தா முதல் துண்டுலயே கொஞ்சம் நீலம் இருக்கணும்லா. ரெண்டுக்கும் நடுவுல நடந்தது ஒண்ணே ஒண்ணுதான் சார்."

எனக்குக் கோபம் வந்தது. "ஸ்லைடு அறுக்கறது உங்க வேலை. படிக்கறது வேற ஆள் வேலை" என்றேன்.

"ஆமா சார். அறுத்தவன்ங்கறதுனாலதான் சொல்லுதேன்."

"அந்தம்மா குடிக்கறாங்க. கேஸ் ஷீட்ல இருக்கு."

"யாரு கேட்டா சார்? எந்தப் பாஷைல கேட்டாங்க?"

கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கட்டிலுக்குப் போனோம். எபநேசர்தான் கேட்டார். "அம்மா, காலைலயும் சாயங்காலமும் ஒவ்வொரு தம்ளர்னு சொன்னீங்களாமே. அது என்னதும்மா?"

"காபிதான். வேற என்ன?" என்றார் விசாலாக்ஷி அம்மாள். "நாங்க காபி சாப்பிடறதுன்னுதான் சொல்லுவோம். இந்த ஊருக்கு வந்த புதுசுல பக்கத்தாத்து பீபிகிட்ட காபி காத்தேன்னு சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா. காத்தேன்னா திங்கறது, குடிக்கறதுக்கு பீத்தேன்னு சொல்லணும்னு கத்துக் குடுத்தா. அந்தப் பிள்ளை வந்து 'பீத்தே க்யா அம்மா'ன்னு கேட்டான். ஹவ்னேன், ஆமான்னு. சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொல்லிருக்கீங்க" என்றார் எபநேசர். நான் தலையை ஆட்டினேன். வெறுமனே 'பீத்தே க்யா' என்றால் அந்தப் பையனுக்கு மது குடிப்பீர்களா என்றுதான் அர்த்தம்.

அந்த வாரமே வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி சேர்த்தேன். ஈரல் கெட்டிருக்கும்போது கத்தி வைப்பது ஆபத்து. ஆனால் விட்டுவைத்தால் மிஞ்ச மாட்டார். பிழைத்தார். மாதக்கணக்கில் மஞ்சள் மெல்ல இறங்கியது. எடை திரும்பி ஏறியது. அந்த இரண்டும் ஒரே அட்டையில் எதிரெதிராகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இருவரையும் கூப்பிட்டு அவர்கள் குடலையும் சேர்த்துவிட்டேன்.

விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். எபநேசர் விடவில்லை. "நக்கோ சார், இது முடியல. குடலச் சேத்துட்டீங்க. அந்த வார்த்தைய யாரு எடுக்கது?"

ராமசந்திரனுக்கு நாலு வரி எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

"இங்கிலீஷ்ல போட்டதத் தமிழ்ல எடுக்கணும் சார். அந்தம்மா முன்னாலயே."

ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து மாரெட்பள்ளி வரை வந்தார். அவர் வராவிட்டால் நான் பாதி வழியில் திரும்பியிருப்பேன், அது அவருக்குத் தெரியும். வாசல் கதவருகே நின்றுகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். இவர் குடித்ததே இல்லை. உங்களிடம் நான் சொன்னது பொய். ஈரலைக் கெடுத்தது நான் செய்த ஆபரேஷன்.

தன்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சு இருந்ததே விசாலாக்ஷி அம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்து, "அதுக்குத்தான் தம்ளரையெல்லாம் மோந்து பாத்தேளா?" என்று கேட்டார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்தேன். "உக்காருங்கோ டாக்டர்" என்றார் அந்த அம்மாள். "வாசல்ல நிக்கறவரையும் உள்ள கூப்பிடுங்கோ."

திரும்பி வரும்போது, மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையைத் திருப்பி வாங்கிவிடுவதாக எபநேசரிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்கிட்டாப் போதுமா சார்? நல்லதா வந்தாத்தான் எழுதுவீங்களா? கெட்டு வந்ததையும் எழுதணும்லா. இன்னொரு ஊருல இன்னொரு டாக்டரு இதே மாதிரி ஒரு அம்மாவ மேசையில படுக்க வச்சுக்கிட்டு இருப்பாரு."

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. பதவி உயர்வு வந்தது, பிள்ளைகளின் படிப்பு வந்தது. பிறகு வேறு நாட்டவர்களே அந்த ஆபரேஷன் ஈரலுக்கு என்ன செய்கிறது என்று எழுதினார்கள், அது வழக்கொழிந்தது. இனி நான் எழுதி என்ன என்று இருந்துவிட்டேன். எபநேசர் ஒருமுறைகூட ஞாபகப்படுத்தவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வு பெறும் நாளில் அந்த இரண்டு சில்லுகளையும் ஒரு காகிதத்தில் மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்தபின் கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் மனைவி என்னிடம் வந்தார். "உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லுவாங்க சார். எங்க டாக்டர் தப்பு பண்ணா ஒளிக்க மாட்டாரு, எழுதிருவாருன்னு. என்ன தப்புன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாங்க. அத அவரேதான் எழுதணும்னுருவாங்க."

வீட்டுக்கு வந்து அழுதேன். எபநேசரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நான் எழுதிவிடுவேன் என்று பன்னிரண்டு வருஷம் அவர் வைத்திருந்த நம்பிக்கை. அதற்கு நான் தகுதியாக நடந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி மலருக்காக இந்தப் பக்கங்களை அஞ்சலி என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். ஆனால் இது அவருக்கு நான் தர வேண்டியிருந்த அறிக்கை. நோயாளி குடிப்பவர் அல்லர். குடலைக் குறுக்கிய பிறகுதான் ஈரல் கெட்டது. சேர்த்த பிறகு தேறியது. ஆபரேஷன் செய்தவன் நான். கண்டுபிடித்தவர் எபநேசர்.