அப்பா வேண்டாமென்ற இரும்புக் குழாய்

மாமா ஆமி லொறியில் வந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மாவின் தம்பி அவர். பெரகலச் சந்தியில் அப்பாவின் டயர் கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில்தான் அவரும் இருந்தார். காலையில் அப்புத்தளைக்குச் சாமான் வாங்கப் போனவர், மத்தியானம் ஒரு பச்சை ராணுவ லொறியின் பின்னால் இன்னும் நாலு பேரோடு குந்தியிருந்தார். பின் டயரில் காற்றில்லாமல் லொறி எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. ஓசிச் சவாரிக்கு என்னைக் கூட்டிப் போகவில்லையே என்ற கோபத்தை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினேன். அவர் திரும்பக் காட்டவில்லை.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பலருக்கு அடையாள அட்டை கிடையாது. அது இல்லாத இளந்தாரி ரோட்டில் அகப்பட்டால் ஆமிக்காரர்கள் புலியென்று சந்தேகித்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் மறுநாளே திரும்பினார்கள். சிலரைத் தேடி அவர்களுடைய அம்மாமார் முகாம் முகாமாக அலைந்தார்கள். மாமாவிடமும் அட்டை இல்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று நான் ஏழு வயதுப் பிள்ளை, தெரிந்ததெல்லாம் வீல் நட்டு மட்டும்தான்.

அந்த விஷயத்தில் நான் பெரிய ஆள். இறுகிப்போன நட்டுக்கு முதலில் மண்ணெண்ணெய் விட வேண்டும். சுத்தியலால் சுற்றித் தட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, உடம்புப் பாரத்தை அதன்மேல் போட வேண்டும். அந்தக் குழாய்க்கு மசியாத நட்டே கிடையாது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

அப்பா லொறியின் பின்பக்கத்தைப் பார்த்தார். உள்ளே போய் அம்மாவிடம் என்னவோ சொன்னார். அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசலால் இறங்கி ஓடினார். கீழே அரசாங்க உத்தியோகத்தரான கிராமசேவகரின் வீடு இருந்தது. சிங்களவர், எங்கள் குடும்பத்தை நன்றாக அறிந்தவர். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் மாமாவை விட்டுவிடுவார்கள். அதுவரை லொறி நகரக் கூடாது.

அப்பா எடுத்தது குட்டை ஸ்பேனரை. முக்கினார், முனகினார். பிறகு மண்ணெண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். இத்தனை பேர் முன்னால் அப்பாவின் மானம் போகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த குழாயை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அது வேணாம் பாப்பா. உள்ள வச்சிரு."

"இறுகுன நட்டுக்கு இதுதான்னு நீங்கதானப்பா சொல்வீங்க."

ஆமிக்காரர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் குழாய் விளங்கிவிட்டது. அவர்களில் மூத்தவர் அதைச் சுட்டிக்காட்டினார். இதைப் போட்டால் போல்ட் முறிந்துவிடும், பிறகு லொறி நாளைக்குத்தான் போகும் என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். மூத்தவர் சலித்துக்கொண்டு பிளேன்டீ கேட்டார். நான் அழ ஆரம்பித்தேன். அப்பா கிரீஸ் கையோடு என் தலையைத் தடவினார்.

"அழுவாத பாப்பா. ஒன் கொழாய் நல்ல கொழாய்தான்."

கிராமசேவகர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பின்னால் அம்மா, காலில் செருப்பில்லாமல். மூத்தவரிடம் கிராமசேவகர் சிரித்துச் சிரித்து நெடுநேரம் பேசினார். கடைசியில் மாமா இறங்கினார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

அப்பா என்னைப் பார்த்து, "இப்பக் குடு" என்றார். குழாயைச் சொருகியதும் நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டயர் மாறியது. லொறி புறப்பட்டது. மிச்சம் நாலு பேரும் அதில்தான் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேச யாரும் வரவில்லை. நான் அவர்களுக்கும் கையைக் காட்டினேன்.

"பாத்தீங்களாப்பா, எவ்வளவு லேசாக் கழண்டுச்சு!"

அப்பா குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தார். லொறி போன ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நல்ல வேலை செய்துவிட்டு ஏன் இவருக்குச் சந்தோஷமே இல்லை என்று எனக்கு விளங்கவில்லை.