ஃபடாங் மாவும் எங்கிராசியாவின் தம்பியும்

குவாம் தீவின் தெற்கில் உள்ள உமாடக் கிராமத்தில் எங்கிராசியா ஏறி இறங்காத வீடு கிடையாது. லிட்டிகோ நோயை ஆராய வந்த அமெரிக்க டாக்டர்களுக்கு அவள்தான் வாயும் காதும். கைகால் சூம்பி, நாக்குக் குழறி, கடைசியில் மூச்சும் அடங்கிப்போகும் அந்த நோய் வெளியுலகைவிட அங்கே பல மடங்கு அதிகம். காரணம் தெரியவில்லை. எந்த ஊற்றுத் தண்ணீர் குடித்தீர்கள், வவ்வால் கறி தின்றீர்களா, மாவுக்கு அரைக்கும் ஃபடாங் என்ற காட்டுமரக் கொட்டையை நஞ்சு போக எத்தனை நாள் ஊறப்போட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாள்.

"போன வருஷமும் இதையேதான கேட்ட? காபி குடிக்க ஒரு சாக்கா?" என்று பக்கத்துத் தெரு டோனியா சீண்டுவாள்.

"உன் காபிய குடிக்கிறதே ஒரு ஆராய்ச்சிதான்டி."

அறுபத்தாறாம் வருடம் அவள் தம்பி ஹிலாரியோ வீசிய வலை விரியாமல், பொட்டலமாகக் கடலில் விழுந்தது. அவனுக்கு முப்பத்தோரு வயது. கை வழுக்கிவிட்டது என்று சிரித்தான். அவன் கட்டைவிரலடியில் சதை தானாகத் துடிப்பதை எங்கிராசியா பார்த்தாள். எத்தனையோ வீடுகளில் பார்த்த துடிப்பு.

அவனுடைய கேள்வித்தாளை நான்கு மாதம் தொடவில்லை. வேறு ஆளை அனுப்பட்டுமா என்று டாக்டர் கேட்டபோது, "வேணாம், நானே கேக்கறேன்" என்றாள்.

"ஃபடாங் சாப்பிட்டிருக்கியா?"

"நெறய. ஜப்பான்காரன் இருந்தப்போ காட்டுல ஒளிஞ்சிருந்தோமே." பேச்சு அப்போதே கொஞ்சம் குழறியது.

அடுத்த கேள்வி, மாவு தயாரித்தது யார் என்பது. பென்சில் நின்றுவிட்டது. அம்மாவைச் சிப்பாய்கள் வயல்வேலைக்கு இழுத்துப்போயிருந்தார்கள். அவளுக்குப் பதினைந்து வயது, அவனுக்கு ஒன்பது, கூட இன்னும் மூன்று உடன்பிறப்புகள்.

"ஒரு வாரம் ஊறணும்டா. நீங்கள்லாம் பசியில அழுதீங்க. மூணே நாள்ல எடுத்துட்டேன்." இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

"அந்த ரொட்டிய அஞ்சு பேரும்தான தின்னோம்? நீயுந்தான் தின்ன. மத்தவங்கள்லாம் கல்லு மாதிரி இருக்கீங்க."

"இருந்தாலும்..."

"என்ன இருந்தாலும்? அன்னிக்கு நீ சுட்டுப் போடலன்னா அந்தக் காட்டுலயே போயிருப்பேன்க்கா. அப்புறம் எவ்ளோ மீன் புடிச்சிருக்கேன், கல்யாணம் கட்டியிருக்கேன், உன்கிட்ட எவ்ளோ திட்டு வாங்கியிருக்கேன்! எழுது, எங்கக்கா சுட்டான்னு எழுது."

தன் பெயரையும் 'மூன்று நாள்' என்பதையும் எழுதினாள்.

அதன்பின் தினமும் மத்தியானம் அவன் மனைவி துணி துவைக்கும் நேரத்தில் போய், ஈரப்பலாவைத் தேங்காய்ப்பாலில் மசித்து ஊட்டினாள். புரையேறாமல் இருக்க அவன் மோவாயைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வாள். மூன்றாம் வருடம் அவள் மடியிலேயே மூச்சு நின்றது.

டாக்டர்களின் சந்தேகம் கொட்டை, வவ்வால், தண்ணீரிலுள்ள உலோகம், வம்சம் என்று மாறிக்கொண்டே இருந்தது. எதுவும் முடிவாகவில்லை. புதிதாக நோய் காணும் வீடுகள் மட்டும் வருடாவருடம் குறைந்தன. எங்கிராசியா இன்னும் பதினோரு வருடம் தாளோடு அலைந்தாள். மாவு யார் செய்தது என்று கேட்கும்போது எந்தப் பெண்ணாவது தலைகுனிந்தால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நானும்தான் செஞ்சேன்" என்று பக்கத்தில் போய் உட்காருவாள்.