எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

மலைமேல் சில சிற்றூர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மருத்துவமனைகளுக்குச் செயலி செய்து தரும் சிறிய நிறுவனம். குழுவில் ஐந்து பேர். என்னைத் தவிர எல்லோரும் சென்னையில். அவர்கள் செய்ததைப் பரிசோதித்து, பிழை இருந்தால் சொல்வது என் வேலை.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு பிழை கண்ணில் பட்டது. மருத்துவரைப் பார்க்கும் தேதியை மாற்றினால், நோயாளியின் போனுக்குப் பழைய தேதியே போனது. மறுநாள் வெளியீடு. நான் எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போய், டவரும் படுத்துவிட்டது. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு என்றைக்கும் ஒத்துக்கொள்ளாது. இரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தேன். மலையடிவாரத்தில், காரவள்ளியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, படங்களோடு எல்லாவற்றையும் குழுவில் போட்டேன். ‘இதைச் சரிசெய்யாமல் வெளியிட வேண்டாம்’ என்று கடைசியில் எழுதினேன். மேலாளர் அதற்குக் கட்டைவிரல் படம் போட்டார். குழுவில் இளையவளான ஒரு பெண், ‘நல்லவேளை அக்கா, பாத்தீங்க’ என்று எனக்குத் தனியாக எழுதினாள். நிம்மதியாக வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை அப்படியே வெளியிட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து புகார். வயதானவர்கள் பலர் தவறான நாளில் வந்து, மருத்துவரைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறார்கள். எங்கள் மலையிலிருந்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகும். அந்த அலைச்சல் எனக்குத் தெரியும். உடனே இணையத்தில் கூட்டம் கூட்டினார்கள்.

“டெஸ்டிங்ல இது எப்படித் தப்புச்சு?” என்றார் மேலாளர்.

“வியாழக்கிழமையே எழுதிட்டேனுங்க சார்,” என்றேன். என் குரல் அவர்களுக்குப் போகவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

“லைன் போயிடுச்சு போல,” என்றவர் சிரித்தார். “அவங்களுக்கென்ன, வருஷம் பூரா ஹில் ஸ்டேஷன்ல லீவு. எங்கயாவது போட்டிங் போயிருப்பாங்க.”

இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. அவருடைய பேச்சைவிட அவளுடைய மௌனம்தான் என்னை அதிகம் சுட்டது.

வெளியே மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “ஏம்புள்ள, உன்னையவா சொல்றாங்க?”

‘நீங்கள் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கிறது’ என்று கூட்டத்தின் செய்திப் பெட்டியில் தட்டினேன். அதன் கீழே வியாழக்கிழமைச் செய்தியை, அவர் போட்ட கட்டைவிரலோடு ஒட்டினேன். “சும்மா ஜோக்குதாம்மா,” என்று சொல்லிவிட்டு மேலாளர் கூட்டத்தை முடித்துக்கொண்டார்.

மதியம் தனியாக அழைத்தார். “சாரிம்மா. சின்ன கம்யூனிகேஷன் கேப். மனசுல வச்சுக்காதீங்க.”

“கேப்பெல்லாம் இல்லீங்க சார். நான் எழுதுனேன், நீங்க படிக்கல. அத எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க.”

“இதைப் போய்ப் பெருசாக்கணுமா?”

“ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டுத் திரும்புனவங்ககிட்ட இத சின்னதுன்னு சொல்லிப் பாருங்க சார்,” என்று போனை வைத்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். “அவங்க முன்னாடியே சொன்னாங்க, நான் கவனிக்கல.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். நான் விடவில்லை. நான் சரி என்று எழுதித் தராமல் இனி எதுவும் வெளியே போகக்கூடாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

‘பயமா இருந்துச்சுக்கா’ என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அந்தப் பயம் எனக்குப் புரியாதது அல்ல. இருந்தாலும் அவளுக்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.