கமிஷனர் அம்மா குடித்த தண்ணீர்

காலையில் எழுந்து பார்த்தால் குப்பைமேட்டைக் காணோம்! நிஜமாகவே காணோம். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம், எங்கள் தெருவுக்குப் பின்னால், ஊர்க்குப்பையை எல்லாம் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு அது. நான் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. எந்நேரமும் ஏதாவது ஒரு மூலையில் புகைந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குன்று நின்றது. கம்பெனிகளில் கழித்துப்போட்ட வெள்ளைக் களிமண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து குப்பையின் மேல் பரப்பி, தண்ணீர் அடித்து, மட்டம் தட்டியிருந்தார்கள். புகை இல்லை. காக்கை இல்லை. நாய்கூட இல்லை. பல் விளக்கக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தெருவுக்கு ஒரே குதூகலம். அந்த மேட்டை அப்புறப்படுத்தச் சொல்லிக் கேஸ் போட்டிருந்ததே எங்கள் தெருதான். முன்னால் நின்றவர் என் சித்தப்பா. கோர்ட்டு அனுப்பிய வக்கீல் கமிஷனர் அம்மா ஒருவர் எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுத அன்று காலை வருவதாக இருந்தது.

"பாத்தியாடி, கோர்ட்டுன்னா சும்மாவா? ஆளு வர்றதுக்கு முன்னாடியே குப்பை காண்டிராக்டருக்கு ஒதறலு எடுத்துடுச்சு!" என்று எதிர்வீட்டு அத்தை என் தலையில் செல்லமாகத் தட்டினார். லாரிக்காரர்கள் பாவம், ராத்திரியெல்லாம் மண் கொட்டிக் களைத்துப்போயிருந்தார்கள். அத்தையே டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிஸ்கட் தட்டை நான் ஏந்திக்கொண்டு போனேன். தெருவே சேர்ந்து அவர்களை நன்றாக உபசரித்துத்தான் அனுப்பியது.

நைட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த சித்தப்பா அந்த வெள்ளைக் குன்றைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, அது தானாகவே சாய்ந்து விழுந்தது.

"டீ குடுத்தீங்களா? டீ வேறயா? அந்தம்மா வந்து எதப் பாக்கும்? மண்ணையா?"

"ஏன்டா கத்துற? சுத்தமா இருக்கணும்னுதான கேஸு போட்டோம்? சுத்தமாத்தான இருக்குது?" என்றார் அத்தை.

"தெனம் இருக்கணும்னு போட்டோம்க்கா! அவங்க வர்ற அன்னிக்கு மட்டுமில்ல!"

அத்தையின் முகம் அப்படியே இறங்கிப்போனது. தெரு மொத்தமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் சித்தப்பாவே, "சரி வுடு, தண்ணி இருக்குது. மேட்ட மூடலாம், குப்பையில ஊறி பூமிக்குள்ள போன தண்ணிய எப்படி மூடுவான்?" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

எங்கள் தெரு அடிபம்பில் வரும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். ஊறவைத்த இரும்பும் அழுகிய முட்டையும் கலந்தாற்போல் ஒரு வாடை அடிக்கும். என் தம்பிக்கு மாதத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு, காலெல்லாம் ஆறாத புண். தண்ணீரை மாற்றாவிட்டால் பிள்ளை தேறமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதற்குப் பிறகுதான் சித்தப்பா கேஸு, கோர்ட்டு என்று அலைய ஆரம்பித்தார். அம்மா அந்தத் தண்ணீரை வேட்டித் துணியில் மடித்து மடித்து வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற்றித்தான் எங்களுக்குக் கொடுப்பார். எனக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியாது. தண்ணீர் என்றால் மஞ்சளாகத்தான் இருக்கும். கேன் தண்ணீர் என்பது வேறு வகை. கலர் சோடா மாதிரி, விருந்தாளி வந்தால் வாங்குவது.

கமிஷனர் அம்மா வந்தார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வேகாத வெயிலில் குன்றின் மேல் ஏறி இறங்கினார். கூடவே காண்டிராக்டரின் ஆள் ஒருவர் குடை பிடித்தபடி, "பாத்து வாங்க மேடம், வழுக்கும்" என்று கரிசனமாக நடந்தார். இறங்கி வந்தபோது அந்த அம்மாவின் செருப்பு வெள்ளையாகவும் முகம் சிவப்பாகவும் இருந்தன. எங்கள் வாசல் நிழலில் வந்து ஒதுங்கினார்.

அம்மா உள்ளே ஓடினார். புளி போட்டுத் தேய்த்த எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். கமிஷனர் அம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தார்.

"மேடம், மேட்டதான் மண்ணப் போட்டு மூடிட்டாங்க. எங்க தண்ணியப் பாருங்க. மனுசன் குடிக்கிற தண்ணியாங்க இது?" என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

கமிஷனர் அம்மா வாயைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "ஏன், இப்ப குடிச்சேனே. நல்லாத்தானே இருந்தது?"

குடைக்காரர் மலர்ந்துபோனார். "அதத்தான் நாங்களும் சொல்றோம் மேடம். அப்படியே எழுதிக்குங்க."

சித்தப்பா மெல்லத் திரும்பி, "என்னா அண்ணி பண்ணீங்க..." என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் எப்போதும் பொறுமை கிடையாதே!

"அது கேன் தண்ணி! நீங்க வருவீங்கன்னு எங்கம்மா காலையிலயே வாங்கி வச்சுது. எங்களுக்கெல்லாம் பம்புத் தண்ணிதான்!"

கமிஷனர் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, எனக்கு அந்தத் தண்ணியையே கொடுத்திருக்கலாமே?"

அம்மா பதறிப்போனார். "ஐயோ, வூட்டுக்கு வந்தவங்களுக்கு எப்படிங்க அதக் குடுக்கறது? வவுத்துக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தண்ணீர் கொடுக்கக்கூடாத தண்ணீரா? அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அப்ப எனக்கும் தம்பிக்கும் மட்டும் ஏம்மா அதக் குடுக்கற?"

குடை மடங்கியது. கமிஷனர் அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று தெருமுனைக்குப் போய், தானே பம்பை அடித்தார். மஞ்சளாகக் கொட்டியதை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்னோடு வந்திருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டுப் பாட்டில்களில் பிடித்து மூடி, சீல் வைக்கச் சொன்னார். என் கேள்வியையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு கேஸ் எத்தனையோ வாய்தா பார்த்தது. நான் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகுதான் குப்பை லாரிகள் நின்றன, தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. ஆனால் அன்றைக்கே நாங்கள் ஜெயித்துவிட்டதாகத்தான் தெரு கொண்டாடியது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்க வக்கீலு இவதான்டா!" என்று கத்தினார். காலையில் டீ கொடுத்த குற்றம் தீர, அத்தை எனக்குக் கை நிறைய முறுக்கு கொடுத்து, கண்பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார்.

முறுக்கோடு உள்ளே ஓடினேன். அடுப்படியில் அம்மா, வடிகட்டி ஆற்றி வைத்திருந்த பானைத் தண்ணீரை எல்லாம் ஜலதாரையில் கொட்டிவிட்டு, கேனைச் சாய்த்து டம்ளரில் பிடித்து, தம்பிக்குப் புகட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இனிமே அப்படிக் கேக்க மாட்டேம்மா."

"நீ கேட்டது சரிதான்டி" என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

சரியாகத்தான் கேட்டேன் என்றால், அன்று முழுவதும் என் முகத்தை ஏன் பார்க்கவே இல்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.