வெள்ளிக்கிழமை இதயம்

பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் படிப்பிக்க வெளிக்கிட்டால் முதலில் கெடுவது நம் உடம்புதான். என்னைப் போலத் தரம் ஏழுக்கு விஞ்ஞானம் எடுக்கும் சக பாவிகளுக்கு இது தெரியும்.

குடலும் கயிறும்

சிறுகுடலின் நீளத்தைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் வல்வெட்டித்துறையிலிருந்து வரும் தர்சிகாவின் அப்பாவிடம் மீன்பிடி வள்ளத்துக் கயிறு ஒன்று இரவல் கேட்டேன். அவரே கொண்டுவந்து, மைதானத்தில் ஆறு மீற்றருக்கு இழுத்துப் பிடித்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவர் மட்டும் தன் வயிற்றைச் சந்தேகமாகத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவும் உள்ளுக்கை சிக்காமல் கிடக்குதோ டீச்சர்? எங்கடை வள்ளத்திலை கயிறு ஒரு நாளும் அப்பிடிக் கிடந்ததில்லை."

புட்டுச் சமிபாடு

அடுத்தது இரைப்பை. பொலித்தீன் பைக்குள் புட்டும் வாழைப்பழமும் போட்டு, இரைப்பை அமிலத்துக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசையச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் காலை உடுப்பிட்டியிலிருந்து ஒரு பிள்ளையின் அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினா. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"நேற்றிலையிருந்து இவள் புட்டைத் தொடுறாள் இல்லை. இனி விடியச் சாப்பாட்டுக்கு உங்கடை வீட்டை அனுப்பட்டோ?"

அவ நேரே அதிபரிடமும் போனா. அதிபர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயம். கரும்பலகைப் பாடத்தில் நித்திரையாகிப்போன பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். திரும்பவும் அதற்குப் போக வேண்டுமென்றால் அழுதே விடுவேன். அதிபரோ ஆறுதலாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஆசிரிய ஆலோசகர் வாறார். அவர் சரியெண்டா நடத்துங்கோ. இல்லாட்டி உந்த விளையாட்டெல்லாம் நிப்பாட்டிப் புத்தகத்தை வாசியுங்கோ."

இதயம்

ஆலோசகரை அசத்திவிட வேண்டும் என்று வியாழக்கிழமை நெல்லியடியில் ஓர் ஆட்டிதயம் வாங்கினேன். வீட்டுப் பிரிட்ஜில் இறைச்சி வைக்க மாமி விடமாட்டா. பாடசாலையில் பிரிட்ஜ் இருப்பது அதிபரின் கந்தோரில் மட்டும். அவரோ சுத்த சைவம். தேத்தண்ணிக்குக் கரைக்கும் பால்மாவின் வெறும் ரின் ஒன்றுக்குள் இதயத்தைப் போட்டு மூடி, பின்னேர வகுப்புக்கு வந்த சாட்டில் உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, பூசை முடிந்து திருநீறும் சந்தனமுமாகப் பிள்ளைகள் வந்தார்கள். இன்றைக்கு எல்லாரும் ஓர் இதயத்தைத் தொட்டுப் பார்க்கப் போகிறோம் என்றேன். பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தர்சிகாதான் எழும்பினாள்.

"டீச்சர், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் மச்சம் மாமிசம் ஒண்டும் தொடமாட்டம்."

அடைப்பு

ஆலோசகர் வர ஐந்து நிமிடம். ஆட்டிதயம் பிரிட்ஜிலேயே கிடக்கட்டும் என்று விட்டேன். மேசைகளை இழுத்து வகுப்பறையை நான்கு அறையாக்கி இதயம் என்றேன். நூலகம் நுரையீரல், விறாந்தை உடம்பு, பிள்ளைகள் இரத்தம். நூலகத்துக்குப் போய்ப் பிராணவாயுவாகச் சிவப்புக் கடதாசி எடுத்துத் திரும்பி, விறாந்தையில் அதைக் கொடுத்துவிட்டு மறுபடி வர வேண்டும். கூச்சலும் ஓட்டமுமாக இரத்தம் சுற்றத் தொடங்கியது. ஆலோசகர் அதிபரோடு வந்து விறாந்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இரத்தம் தேங்கியது. தர்சிகா மரியாதையாகச் சொன்னாள்.

"சேர், நீங்கள் கொஞ்சம் விலகுங்கோ. இல்லாட்டி ஆள் செத்துப்போவார்."

அவர் சும்மா விலகி நிற்கவில்லை. ஒரு சிவப்புக் கடதாசியை வாங்கிக்கொண்டு தானும் ஓடினார். மூச்சு வாங்க வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்க அதிபரே கந்தோருக்குப் போனார், பிரிட்ஜைத் திறந்தார், பால்மா ரின்னையும் திறந்தார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"உந்த விளையாட்டு நடக்கட்டும் டீச்சர், சேருக்குப் பிடிச்சிருக்கு. அவருக்கு நான் வெறுந்தேத்தண்ணி ஊத்துறன். நீங்கள் அந்த ரின்னோடை பின்வாசலாலை போங்கோ."

அன்றிலிருந்து எந்த உறுப்பைப் படிப்பிப்பதானாலும் நான் பாடத்திட்டத்துக்கு முதல் கலண்டரைத்தான் பார்க்கிறேன்.