அருளானந்தம் மாஸ்டரும் அவர் பூசிய எனாமலும்

அருளானந்தம் மாஸ்டர் காலமான செய்தி, சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எனக்கு வந்தது. எங்கள் பள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் மூட்டுவலிக்கு மருந்தும்தான் அதில் வழக்கமாக வரும். அன்று மாஸ்டரின் படம் வந்தது. பழைய பொம்மை ரயில் என்ஜின் ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, அதைப் பெற்றெடுத்தவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'ஓய்ந்துபோன ரயில்களுக்கு உயிர் கொடுத்த கலைஞர் மறைந்தார்' என்று எழுதியிருந்தது. பஸ் அடிவாரம் வந்து சேர்வதற்குள் முப்பது பேர் கைகூப்பிவிட்டார்கள்.

படத்தில் இருந்த என்ஜினின் மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக்கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றியவள் நான். நானும் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவருடைய மகன் பிரான்சிஸ் என்னைப் பார்க்க வந்தார். வெளிநாட்டில் வேலை செய்கிறவர். முப்பதாம் நாள் திருப்பலியின்போது கொடுக்கும் நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார்.

"அப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்குந் தெரியாதுங்க டீச்சர்."

அது உண்மைதான். தெரிந்ததை எழுதுகிறேன். மலரில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர் விருப்பம்.

மாஸ்டரை அறியாதவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் ஒரே பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் ஓவிய ஆசிரியர். நான் இயற்பியல். காபித் தோட்டங்களை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் பொம்மை ரயில்களை பங்களாக்களிலேயே விட்டுப் போயிருந்தன. அச்சுக் குத்திய தகரத்தில் செய்தவை. சில சாவி கொடுத்தால் ஓடும், சில மின்சாரத்தில் ஓடும். பங்களா சமையற்காரர்களின் வீடுகளிலும், எஸ்டேட் கிடங்குகளிலும், சேலத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் அவை கிடந்தன. மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் பையோடு கிளம்பி அவற்றைச் சேகரித்து வந்தார். ரயிலே ஏறாத மலையில் ஒருவர் ரயில் சேர்க்கிறார் என்பதால் பத்திரிகைக்காரர்கள் தேடி வந்தார்கள். நிஜ ரயிலில் ஏறினால் மாஸ்டருக்கு வாந்தி வரும் என்பதை அவர்கள் யாரும் எழுதவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு துண்டில் என்ஜினைச் சுற்றி எடுத்துக்கொண்டு என் ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், இதுக்குள்ளருந்து கருகுன வாசம் வருதுங்க. உங்க லேபுல இதுக்கு மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மோட்டாருக்கு மருந்து கேட்ட மனிதரை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் திருப்புளியை எடுத்தேன். மேல்மூடியைக் கழற்றியதும் உள்ளே பித்தளைப் பல்சக்கரங்கள், நகத்தளவு கார்பன் துண்டுகள், என் பாட்டனார் காலத்தில் யாரோ ஒரு தொழிலாளி விரலால் சுற்றிய கம்பி. அதைப் பார்த்த பிறகு என்னால் மூட முடியவில்லை. நான்கு நாளில் என்ஜின் ஓடியது. மாஸ்டர் அது மேசையைச் சுற்றி வருவதைப் பார்த்தார்.

"நொம்பச் சின்ன வேலைதானுங்களே" என்றார்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய எந்த ரயிலின் உள்ளுறுப்பையும் என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. மாஸ்டர் வெளிப்புறத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்ட விதத்தை விவரிக்க எனக்கு இப்போதும் கூசுகிறது. பழைய பொம்மை ரயிலின் மதிப்பே அதன் முதல் வண்ணத்தில் இருக்கிறது. தேய்ந்திருந்தாலும் மங்கியிருந்தாலும் அதைத் தொடக்கூடாது. துருவை மட்டும் நிறுத்த வேண்டும். இதை எந்தச் சேகரிப்பாளரும் சொல்வார். மாஸ்டருக்கோ தூசி, துரு, பழைய வண்ணம் மூன்றும் ஒன்று. உப்புத்தாளால் மூன்றையும் சேர்த்துச் சுரண்டிவிட்டு, ஜன்னல் கம்பிக்குப் பூசும் எனாமலை எடுத்து அப்புவார். பச்சை என்ஜின் காவியாகும், நீலப் பெட்டி சிவப்பாகும். எல்லாவற்றின் விளிம்பிலும் மெல்லிய தூரிகையால் ஒரு தங்கக் கோடு. நான் ஒரு முறை தடுத்துப் பார்த்தேன்.

"வயசானா தலைக்கு மை பூசிக்கறதில்லீங்களா டீச்சர்? அதுக்கும் ஆசை இருக்குமில்லீங்க" என்றார். அவர் தலைக்கு மை பூசிக்கொள்வது ஏற்காடு முழுவதற்கும் தெரியும்.

விருந்தினர்கள் வந்தால் என்னை அறிமுகப்படுத்துவார். "நம்ம ரெஜினா டீச்சர். கூட வேலை பாத்தவங்க. காபி நல்லாப் போடுவாங்க." நான் எழுந்து போய்க் காபி போட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவரை மட்டும் இகழ்ந்துவிட்டு நான் நல்ல பெயர் வாங்கிக்கொள்வது நியாயமில்லை. அந்த இயந்திரங்கள் அவரிடம் இருந்தன. அவற்றைத் தொட வேண்டுமென்றால் அவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பொறுத்துக்கொண்டேன். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

செம்மநத்தம் விஷயம் நடந்தது நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற பிறகு. அந்த ஊரில் லூர்துமேரி என்று ஒருவர் இருக்கிறார். சிறிது காபியும் மிளகும் வைத்திருக்கும் விவசாயி. அவருடைய தகப்பனார் சூசை ஒரு பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். ஊருக்குக் கிளம்பிய துரைசானி அவருக்கு ஒரு சாவி ரயிலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் கோயிலில் குடில் வைக்கும்போது, மாட்டுத்தொழுவத்தைச் சுற்றி அந்த ரயில் ஓடும். இடையர்களும் மூன்று ராஜாக்களும் பார்த்துக்கொண்டிருக்க ரயில் ஓடுவது பொருந்துமா என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. சுற்றுப்பட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே நடந்து வருவார்கள்.

ஒரு வருடம் சுருள்வில் அறுந்துபோனது. லூர்துமேரி ரயிலை அரிசிப் பையில் போட்டு, ஊரறிந்த ரயில் மாஸ்டரிடம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டபோது, "தகரமெல்லாம் இத்துப் போச்சுங்கம்மா. கைய வெச்சதும் தூளாயிருச்சு" என்று சொல்லி, கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் பேட்டரி ரயில் ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்பினார் மாஸ்டர்.

இது எனக்குத் தெரியாது. லூர்துமேரி எங்கள் வீட்டுக்கு மிளகு கொண்டுவருகிறவர். டிசம்பர் முதல் வாரம் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்.

"பேட்டரி வண்டி ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னுக்குதுங்க டீச்சர். எங்கப்பாரு வண்டி அப்படி இல்லீங்க. கொக்கி ஒடஞ்சப்பக்கூட கொடைக் கம்பிய வளச்சு மாட்டி ஓட்டுனாருங்க."

"கொடைக் கம்பியா?"

"ஆமாங்க. அடியில ஆணியில பேரு கீறி வெச்சிருப்பாரு. சூசைன்னு."

ஒன்றரை மாதம் முன்பு ஒரு சாவி என்ஜினுக்கு நான் சுருள்வில் மாற்றியிருந்தேன். அதன் பின்கொக்கி குடைக்கம்பி. யாரோ நல்ல கைக்காரர் என்று வியந்து, அதை மாற்றாமல் விட்டிருந்தேன். என்னிடம் வந்தபோதே உடம்பு முழுக்க அரக்குச் சிவப்பு எனாமல் பூசியாகியிருந்தது. "எங்கருந்துங்க மாஸ்டர்?" என்று கேட்டதற்கு, "ஒரு துரை ஊட்டுப் பொருளுங்க" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து நான்கு சேகரிப்பாளர்கள் மாஸ்டர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. லூர்துமேரியை அழைத்துக்கொண்டு போனேன். என் பையில் ஒரு சீசா பெயின்ட் தின்னரும் பஞ்சும் இருந்தன. நாங்கள் நுழைந்தபோது மாஸ்டர் கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்த என்ஜினைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்து அனுப்பியது என்றார். நால்வரும் தலையாட்டினார்கள். தகரத்தின் மேல் ஜன்னல் பெயின்ட் பூசியிருப்பதைக் கண்டுபிடிக்க முடியாத நான்கு பேர் பெட்ரோலை எரித்துக்கொண்டு மலையேறி வந்திருந்தார்கள்.

"குடுங்க மாஸ்டர், ஒரு நிமிசம்" என்று வாங்கி, மேசையில் கவிழ்த்து வைத்தேன். நான் சாவி கொடுத்து ஓட்டிக் காட்டப் போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். பஞ்சைத் தின்னரில் நனைத்து அடித்தகட்டில் அழுத்தித் தேய்த்தேன். எனாமல் சுருங்கிப் பஞ்சோடு வந்தது. முதலில் ஒரு கோடு. பிறகு 'சூ'. பிறகு மீதி.

லூர்துமேரி விரலால் தடவிப் பார்த்தார். "எங்கப்பாரு எழுத்துங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

மாஸ்டர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் பழகிய பிறகும் அப்படி எதிர்பார்த்தது என் அறியாமை.

"டீச்சர், மூணு கோட்டிங் போட்டதுங்க அது" என்றார்.

"அவங்க வண்டிங்க மாஸ்டர்."

"இருக்கட்டுங்க. வருசத்துக்கு ஒரு வாரம் வைக்கோல்ல போட்டு ஓட்டறாங்க. மிச்ச நாளெல்லாம் பரண்ல எலிகூடக் கெடக்குது. எங்கிட்ட இருந்தா நாலு பெரிய மனுசங்க பாப்பாங்க. எதுங்க அதுக்கு மரியாதை?"

நாலு பெரிய மனிதர்களில் ஒருவர் லூர்துமேரியின் பக்கம் திரும்பி, அந்த ரயிலைத் தமக்குக் கொடுப்பாரா என்று கேட்டார்.

"ஓட்டறதுக்குத்தானுங்க ரிப்பேருக்குக் கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டு, லூர்துமேரி என்ஜினைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும், மீதி எனாமலையும் பக்குவமாக எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். அவர் பையைத் திறந்து ஒரு முறை பார்த்தார்.

"வேண்டாங்க டீச்சர். பளபளன்னு நல்லாத்தான் இருக்குதுங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் செம்மநத்தம் போனேன். அரக்குச் சிவப்பில் தங்கக் கோட்டோடு என்ஜின் தொழுவத்தைச் சுற்றி வந்தது. சூழ்ந்து நின்றவர்கள் எல்லோரும் அதன் நிறத்தைப் புகழ்ந்தார்கள். சுருள்வில்லைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பின் எட்டு ஆண்டுகள் மாஸ்டரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் அவர் கூரையைப் பார்ப்பார். ஊரில் அவர் புகழ் ஒன்றும் குறையவில்லை. பெங்களூர்க்காரர்கள் வெளியே மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் அவர்களுடைய நிபுணத்துவமும் சந்தி சிரித்திருக்கும்.

சென்ற ஆண்டு மழை முடிந்த சமயத்தில் ஆள் அனுப்பினார். போனேன். கூடத்தில் அலமாரிக்கு எதிரே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தலை முழுக்க வெள்ளையாக இருந்தது. மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன்.

"அந்தச் செம்மநத்தம் வண்டி ஓடுதுங்களா டீச்சர்?"

"ஓடுதுங்க."

"கோடு உரிஞ்சிருக்குமே."

"உரியலீங்க மாஸ்டர்."

கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படியொரு நிறைவு. "நான் போட்டதுலயே நேரான கோடுங்க அது" என்றார். மனிதர் தம்முடைய குற்றத்தில் நினைவு வைத்திருந்தது அந்தக் கோட்டை மட்டும்தான்.

கிளம்ப எழுந்தேன். அப்போது அலமாரியைக் கையால் காட்டினார். "எல்லாம் நின்னு போச்சுங்க. ஒண்ணு பாக்கி இல்லாம. யாருகிட்டயும் சொல்லலீங்க."

எட்டு ஆண்டுகளில் வேறு ஒருவரிடமும் அவர் அவற்றைக் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுக்கும் மனமும் இல்லை, பிறரை நம்பும் மனமும் இல்லை. வீம்பில் முப்பது ரயில்களும் நின்றுபோயிருந்தன. மறுநாள் காலை திருப்புளிகளோடு போனேன். அவருக்காகப் போகவில்லை. அவரும் அப்படி நினைத்திருக்க மாட்டார். நான்கு மாதத்தில் பதினொன்றை ஓட வைத்தேன். முதலாவது ஓடத் தொடங்கியதும் தலையணையில் சாய்ந்தபடியே காது கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்களே" என்றார்.

பன்னிரண்டாவதைப் பிரித்துப் போட்டிருந்தபோதுதான் அவர் போய்விட்டார். அடக்கத்தின்போது பேசியவர்கள் அவர் எளிமையானவர் என்றார்கள், தாமே எல்லா இயந்திரங்களையும் பழுது பார்த்தார் என்றார்கள். சவப்பெட்டிக்குள் இருந்தவர் மறுக்கக்கூடிய நிலையில் இல்லை. இருந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டார்.

இந்தக் கட்டுரையை இந்த இடத்தில் முடித்துக்கொள்ளத்தான் இருந்தேன். நேற்று ஏரிப் பக்கம் போனபோது, அங்கே புதிதாகத் திறந்திருக்கும் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் மாஸ்டரின் ரயில்களைப் பார்த்தேன். பிரான்சிஸ் எல்லாவற்றையும் விடுதிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. அதில் வரிசையாக என்ஜின்களும் பெட்டிகளும். நான் ஒன்றின் சக்கரத்தை நகத்தால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். அச்சிலும் சக்கரத்திலும் பசை ஊற்றி, பலகையோடு ஒட்டியிருந்தார்கள்.

மேலாளர் வந்தார். சேலத்துப் பிள்ளை, மரியாதையானவர். "தொட்டுத் தொட்டுக் கீழ தள்ளீர்றாங்க மேடம். அதான் ஃபிக்ஸ் பண்ணிட்டோம். இனி நகராதுங்க."

அந்தப் பிள்ளையிடம் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மெல்லத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பேச்சு வரவில்லை. மாஸ்டர் அங்கே இருந்திருந்தால் அவருக்கு வந்திருக்கும். அந்த மேலாளரையும், அவருடைய முதலாளியையும், பெற்ற மகனையும் நிற்க வைத்துக் கேட்டிருப்பார். எனாமலைக் கண்டபடி அப்பியவர்தான், அடுத்தவர் பொருளை அமுக்கியவர்தான். ஆனால் ரயில் என்றால் ஓட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்களோடு பழகிய இத்தனை ஆண்டுகளில், நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை மாஸ்டர். நேற்று நினைத்தேன். போய் வாருங்கள்.