ராஜிஹின் பேரீச்சம்பழம்

முஸ்லிம்போல வேடம் போட்டு, மற்றவர்கள் நுழையக்கூடாத மக்காவுக்குப் போய் வந்த வெள்ளைக்காரர்களின் கதைகளை வாய் பிளந்து படிக்கிறீர்களே, அவர்களை ஏற்றிப்போன ஒட்டகக்காரனின் பெயரை ஒருமுறையாவது தேடியிருக்கிறீர்களா?

ஒருவன் பெயர் ராஜிஹ். ஜித்தாவுக்கும் மக்காவுக்கும் நடந்தே நாற்பது வயதானவன். சொத்து ஒரே ஒரு பெண் ஒட்டகம். அந்த வருஷம் அதில் ஏறியவர், தன்னை ‘ஹாஜி யூனுஸ்’ என்று சொல்லிக்கொண்டார். “இவருக்கு நான் பொறுப்பு” என்று பயணக் கூட்டத் தலைவரிடம் ராஜிஹ் வாக்குக் கொடுத்திருந்தான். ஏறியவர் போலி என்று தெரிந்தால் அவனுக்கு இனி அந்தப் பாதையே கிடையாது.

ஹாஜியோ கிணற்றைக் கண்டால் ஆழம் கேட்டார். மலையைக் கண்டால் துணிக்குள் கைவிட்டு ஏதோ கிறுக்கினார்.

“சொறியிறீங்களா, எழுதுறீங்களா ஹாஜியாரே? எதுவானாலும் நிறுத்துங்க. ஒட்டகமே திரும்பித் திரும்பிப் பாக்குது.”

பாதி வழியில் ஹத்தா என்ற ஊரில் மதிய ஓய்வு. ஹஜ்ஜுக்கான இஹ்ராம் துணி உடுத்தியவர் பேனைக்கூடக் கொல்லக்கூடாது. அங்கே நண்டு சிண்டுக்கும் தெரிந்த விஷயம். ஹாஜி கழுத்தில் ஊர்ந்த பேனைப் பிடித்து, எல்லோர் கண்ணெதிரிலும் நகத்தில் வைத்து நசுக்கினார்.

“அடப்பாவி! இவன் எந்த ஊர் ஹாஜி?” மொராக்கோ கிழவர் ஒருவர் எழுந்துவிட்டார். பத்துத் தலைகள் திரும்பின.

ஏறியவர் போலி என்று ராஜிஹுக்குப் புரிந்துவிட்டது.

“வெயில் மண்டையில ஏறிடுச்சு அவருக்கு! காலையில என்னையே வாப்பான்னு கூப்பிட்டாரு” என்று கத்திக்கொண்டே, தன் பையிலிருந்த பேரீச்சம்பழம் முழுவதையும் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தான். “பரிகாரம் ஆச்சு. போய்ப் படுங்க பெரியவரே.”

கிழவர் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். ராஜிஹ் மக்கா வரை பட்டினியாக நடந்தான்.

ஒரு பேனுக்கா இவ்வளவு பரிகாரம் என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவன் பிழைப்பைப் பணயம் வைத்து வேடம் போட்டவர் அதைக் கேட்கக்கூடாது.

ஆறு வருஷம் கழித்து, ஜித்தா துறைமுகத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளன் அந்த ஹாஜியின் புத்தகத்தைப் படித்துச் சொன்னான்: ‘என் ஒட்டகக்காரன் திருடன். என் பேரீச்சம்பழத்தைப் பிச்சைக்காரர்களுக்கு வாரிவிட்டான்.’

“பழம் என்னுதுய்யா! பேன்தான் அவனுது!” ராஜிஹ் குதித்தான். “என் பேராவது போட்டிருக்கானா?”

“இல்லண்ணே. கிணத்து ஆழமெல்லாம் போட்டிருக்கான்.”

அப்படியொரு புத்தகம் உங்கள் அலமாரியிலும் இருக்கும். இன்றே எடுங்கள். பெயரில்லாத ஒருவனைத் திருடன் என்று சொல்லும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்: ‘இவன் பெயர் என்ன? சாட்சி யார்?’